பருத்த உடம்புக்கு ஆபரேஷன்: வயிற்றை வெட்டினால் வியாதி தீருமா?



சிலிம் ரிவரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்தின் கடைசியில், சுவரோரம் இருந்த சிமெந்துத் திண்டில் ஓர் அக்காள் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் எத்தனையோ நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. "அக்கா, முன்னாடி வந்து உட்காருங்களேன்" என்று கூப்பிட்டேன்.

"வேணாம் தம்பி. போன வருசம் ஒரு கல்யாணத்துல பிளாஸ்டிக் நாற்காலி ஒடிஞ்சு விழுந்துட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதுலேர்ந்து நான் நாற்காலியில உட்கார்றதே இல்லே."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மெதுவாகப் பேச்சு வந்தது. எடை 96 கிலோ. இனிப்பு நீர் வந்து பல வருடமாகிறது. இப்போது இன்சுலின் ஊசி. முழங்கால் இரண்டும் மாடிப்படி ஏற விடுவதில்லை. ராத்திரித் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று மகள் சொல்கிறாளாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "எம்மக போன்ல ஒண்ணு காட்டுச்சு தம்பி. வயித்துல பாதிய வெட்டி எடுத்துட்டா ஒடம்பு எளைச்சிருமாம், இனிப்பு நீரும் கொறையுமாம். நெசமா?"

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா அக்கா?"

"எப்படிக் கேக்கிறது? இந்த வயசுல அழகுக்கு ஆபரேஷன் கேக்குறா பாருன்னு சிரிக்க மாட்டாங்களா?"

இந்த வெட்கம் அவர் ஒருவருக்கு மட்டும் உள்ளதல்ல. ஆகவே அவர் கேட்ட கேள்விக்கு உரிய பதிலை இந்தப் பகுதியிலேயே எழுதிவிடுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது அழகுக்குச் செய்கிற ஆபரேஷன் அல்ல. கடுமையான உடல் பருமன் என்பது ஒரு வியாதி. அந்த வியாதிக்கு உள்ள சிகிச்சைகளில் இதுவும் ஒன்று.

தின்று கொழுத்த உடம்பா?

"தின்னு தின்னு ஊதிட்டா" என்று சொல்லாத வீடு இல்லை. சொல்பவர்கள் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். சிலிம் ரிவர், துரோலாக், பேராங் பக்கமெல்லாம் பால்மரக் காடாக இருந்த காலத்தில், விடிவதற்கு முன்னே பெரட்டுக்குப் போய், மேடும் பள்ளமுமாக ஐந்நூறு அறுநூறு மரம் வெட்டி, பால் எடுத்து, வாளி சுமந்து வந்தவர்கள் நம்முடைய தாய் தகப்பன்மார். அந்த உடம்புக்கு ஒரு தட்டுச் சோறு போதாது. மலை போல் போட்டாலும் மத்தியானத்துக்குள் கரைந்துவிடும்.

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ஜனங்கள் தாமானுக்குக் குடிபோனார்கள். இப்போது மகன் பாக்டரியில் எட்டு மணி நேரம் நின்ற இடத்திலேயே நிற்கிறான். அப்பா ஜாகா வேலைக்குப் போய் ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கடைக்குப் போகவும் மோட்டார் சைக்கிள். வேலை மாறிற்று, சோற்றுத் தட்டு மட்டும் மாறவில்லை. அத்தோடு டின் பால் ஊற்றிய தே தாரிக் மூன்று வேளை, ரொட்டி சானாய், நடுராத்திரியிலும் திறந்திருக்கும் கடை.

நம் உடம்பின் வாகும் ஒரு காரணம். இந்தியாவில் பூனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக் என்பவர் அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். நம் குழந்தை எடையில் சிறியது, சதையும் குறைவு. ஆனால் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதனால்தான் வெள்ளைக்காரருக்குச் சாதாரணம் என்று சொல்கிற எடையிலேயே நமக்கு இனிப்பு நீர் வந்துவிடுகிறது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்த இந்தியர்களில் ஏறக்குறைய 100க்கு 31 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. மற்ற இனத்தாரை விட இது அதிகம். 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி மலேசியர்களில் வயது வந்தோர் 100க்கு 54 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையோடு இருக்கிறார்கள். ஆகவே அந்த அக்காள் தனி ஆள் அல்ல.

"சரி, வாயைக் கட்டினால் இளைக்காதா?" என்று கேட்பீர்கள். இளைக்கும். ஐந்து கிலோ, பத்துக் கிலோ இளைத்தாலே சீனியும் இரத்த அழுத்தமும் இறங்கும். அது மிகவும் நல்லது, எல்லாரும் செய்ய வேண்டியது. ஆனால் மிகவும் பருத்துவிட்ட உடம்பில் ஒரு சங்கடம் உண்டு. எடை இறங்க ஆரம்பித்ததும், பஞ்சம் வந்துவிட்டது என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது. உடம்பு எரிக்கிற சக்தியும் குறைகிறது. பெரும்பாலோருக்கு இறங்கிய எடை சில வருடத்தில் திரும்ப ஏறிக்கொள்கிறது. 'கிரெலின்' என்ற அந்தப் பசிச் சுரப்பை 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் வயிற்றின் மேல்பகுதியிலிருந்துதான் சுரக்கிறது. இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அளவு பார்ப்பது எப்படி?

எடையைக் கிலோவில் எழுதுங்கள். அதை உயரத்தால் (மீட்டரில்) ஒரு முறை வகுத்து, வருவதை அதே உயரத்தால் இன்னொரு முறை வகுங்கள். அக்காளின் உயரம் 155 சென்டிமீட்டர். 96ஐ 1.55ஆல் இரண்டு முறை வகுத்தால் 40 வருகிறது. மலேசிய டாக்டர்கள் 23க்கு மேல் போனால் எடை மிகுதி, 27.5க்கு மேல் போனால் உடல் பருமன் என்கிறார்கள். 40 என்பது கடுமையான பருமன்.

அல்சரிலிருந்து வந்த வழி

இந்த ஆபரேஷன் எப்படி உண்டாயிற்று என்பதே ஒரு கதை. 1954இல் அமெரிக்காவில் சில டாக்டர்கள் சிறுகுடலின் பெரும்பகுதியைச் சாப்பாடு தொடாதபடி குறுக்கு வழி வைத்துத் தைத்தார்கள். ஆள் இளைத்தார், கூடவே நிற்காத பேதியும் ஈரல் கேடும் வந்தன. பிற்பாடு அந்த முறையைக் கைவிட்டார்கள்.

அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்றொரு சர்ஜன் இருந்தார். அந்நாளில் அல்சர் புண்ணுக்கு வயிற்றில் ஒரு பாகத்தை வெட்டி எடுப்பது வழக்கம். அப்படி வெட்டிக்கொண்டவர்கள் இளைத்துப் போவதையும், மறுபடி எடை ஏறச் சிரமப்படுவதையும் அவர் கவனித்தார். அல்சர்காரருக்குத் தொல்லையாக இருப்பது பருத்தவருக்கு மருந்தாகுமே என்று யோசித்து, 1966இல் வயிற்றைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் ஆபரேஷனை ஆரம்பித்தார். 2020இல் தம் 100ஆவது வயதில் காலமானார்.

இப்போது அதிகமாகச் செய்வது இரண்டு வகை. இரண்டுமே நாலைந்து சின்னத் துவாரம் போட்டு, உள்ளே கேமரா விட்டுச் செய்வது.

முதலாவது, வயிற்றைக் குழாயாக்குவது. நம் வயிறு ஒரு தோல்பை மாதிரி. ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும். நீளவாக்கில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் கருவியால் தைத்து மூடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் அளவுள்ள குழாய். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். அதுமட்டுமல்ல, வெட்டி எடுக்கிற பாகத்தில்தான் முன்னே சொன்ன பசிச் சுரப்பு அதிகம். ஆகவே பசியே மட்டுப்படுகிறது. பட்டினி கிடப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, மாற்றுப் பாதை. வயிற்றின் மேல்பகுதியில் இரண்டு மேசைக்கரண்டி அளவு கொள்ளும் சின்னப் பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைக்கிறார்கள். சாப்பாடு பெரிய வயிற்றையும் குடலின் முதல் பாகத்தையும் தொடாமல் போகிறது. இதில் ஒரு அதிசயம், எடை இறங்குவதற்கு முன்னாலேயே, சில நாட்களுக்குள் சீனியின் அளவு இறங்கிவிடுவது. குடலில் சுரக்கும் சில நீர்கள் கூடி, இன்சுலினுக்கு உதவி செய்வதே காரணம். அதனால் இன்சுலின் போடுகிறவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு பழைய அளவையே போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. சீனி ஒரேயடியாக இறங்கி மயக்கம் வந்துவிடும். டாக்டர் சொல்கிற புதிய அளவுதான்.

வயிற்றைச் சுற்றி வளையம் போடும் ஒரு முறையும் இருந்தது. இப்போது பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். வாய் வழியாக உள்ளே விடுகிற பலூன் சில மாதங்களுக்கு மட்டும்தான்.

பலன் என்ன?

முதல் ஒன்றிரண்டு வருடத்தில் மொத்த எடையில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு இறங்கும். அக்காளின் கணக்கில் 96 கிலோ 70 கிலோ அளவுக்கு வரலாம். சினிமா நடிகை மாதிரி ஆகிவிட மாட்டார். ஆனால் மாடிப்படி ஏறுவார்.

சுவீடன் நாட்டில் 1987இல் ஒரு பெரிய ஆராய்ச்சியை ஆரம்பித்தார்கள். பருத்தவர்கள் 4,047 பேர். பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். ஏறக்குறைய 11 வருடம் கழித்துக் கணக்குப் பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் 129 பேர் இறந்திருந்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 101 பேர். ஆயுள் கூடுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இனிப்பு நீருக்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் கிளீவ்லண்டில் 150 பேரை ஐந்து வருடம் கவனித்து 2017இல் சொன்னார்கள். மாத்திரை, ஊசி மட்டும் பெற்றவர்களில் 100க்கு 5 பேருக்குத்தான் மூன்று மாதச் சீனி அளவு 6க்குள் நின்றது. குழாய் ஆபரேஷனில் 23 பேர், மாற்றுப் பாதையில் 29 பேர். இதை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். மாத்திரையை விட எவ்வளவோ மேல். ஆனாலும் 100க்கு 70 பேருக்கு மேல் அந்த அளவுக்கு வரவில்லை. அவர்களுக்கும் மருந்து குறைந்தது, அவ்வளவே. "ஆபரேஷன் செய்தால் இனிப்பு நீர் போயே போச்சு" என்று யாராவது விளம்பரம் போட்டால் நம்பாதீர்கள்.

உடம்பு கொடுக்கிற விலை

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். ஆபரேஷன் ஓரிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு உள்ள வாழ்க்கைதான் பெரியது.

ஆபரேஷனுக்கு முன் இரண்டு மூன்று வாரம் ஈரல் சுருங்குவதற்காகக் கடுமையான பத்தியம். பிறகு இரண்டு வாரம் தண்ணீராகவே உணவு, அடுத்து மசித்தது, அடுத்து மெத்தென்றது. ஒன்றரை, இரண்டு மாதம் கழித்துத்தான் நம் வழக்கமான சாப்பாடு. அதிலும் நாலைந்து வாய். முட்டை, மீன், கோழி, பருப்பு முதலில், சோறு கடைசியில். நன்றாக மென்று தின்ன வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. தீபாவளிக்கு மாமியார் வீட்டில் ஆட்டுக்கறி இரண்டு துண்டோடு தட்டை நகர்த்தினால், "ஏன், எங்க மேல கோவமா?" என்று கேட்பார்கள். வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது உத்தமம்.

மாற்றுப் பாதை செய்துகொண்டவர் டின் பால் தே தாரிக்கை ஒரு மூச்சில் குடித்தால், அந்தச் சீனி மொத்தமும் நேரே குடலில் இறங்கும். நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும், பேதியாகும்.

விட்டமின், இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுவதும். நிறுத்தினால் இரத்தச் சோகை, எலும்புத் தேய்வு, கைகால் மரத்துப் போவது எல்லாம் வரும். முதல் ஆறு மாதத்தில் தலைமுடி கொட்டும்; பயப்பட வேண்டாம், வளர்ந்துவிடும். பித்தப்பையில் கல் உண்டாகலாம். குழாய் ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு நெஞ்செரிச்சல் அதிகமாகும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. வயிறு சிறிதானால் மது சீக்கிரம் இரத்தத்தில் ஏறும், அதிகமாகவும் ஏறும். சாப்பாட்டில் கிடைத்த சுகத்தைக் குடியில் தேடப் போய் அதற்கு அடிமையானவர்களும் உண்டு. குடிப் பழக்கம் உள்ளவர் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

பெண்களுக்கும் ஒன்று. பருமனால் மாதவிலக்குத் தவறி, குழந்தை இல்லாமல் இருந்தவர்களுக்கு எடை இறங்கியதும் எதிர்பாராமல் கர்ப்பம் தரிக்கலாம். சந்தோஷமான சங்கதிதான். ஆனாலும் ஒரு வருடம், ஒன்றரை வருடம் தள்ளிப் போடச் சொல்கிறார்கள். சத்துக் குறைந்த உடம்பில் குழந்தை தங்கினால் தாய்க்கும் பிள்ளைக்கும் கேடு.

உயிருக்கு ஆபத்து உண்டா? உண்டு; ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. பழக்கப்பட்ட சர்ஜன் உள்ள இடங்களில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவுக்குத்தான் மரணம். பித்தப்பை ஆபரேஷனும் ஏறக்குறைய அப்படித்தான். தையல் விட்டு உள்ளே கசிவதும், காலில் இரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போவதும் பெரிய கண்டங்கள். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

எங்கே செய்கிறோம் என்பது முக்கியம். 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர், சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார். தமிழக அரசு விசாரணை நடத்தி, அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. பருத்த உடம்புக்கு மயக்க மருந்து கொடுப்பதே தனி வித்தை. தீவிரச் சிகிச்சைப் பிரிவும், தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று முன்கூட்டியே சோதிக்கிற வழக்கமும் உள்ள இடமாக இருக்க வேண்டும். விலை மலிவு என்று போகிற இடம் அல்ல இது.

இன்னொரு பக்கம், நம் ஊர் பெயரிலேயே 'சிலிம்' இருப்பதாலோ என்னவோ, சிலிம் காப்பி, சிலிம் மாத்திரை விற்கிறவர்களுக்கு இங்கே குறைவில்லை. இம்மாதிரிச் சரக்குகளில் 'சிபுட்ராமின்' என்ற மருந்தை ஒளித்துக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு அடிக்கடி கண்டுபிடிக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் வருகிறதென்று 2010இல் பல நாடுகளில் நிறுத்தப்பட்ட மருந்து அது. ஆபரேஷனுக்குப் பயந்து அதைக் குடிக்கிறவர், அதைவிடப் பெரிய ஆபத்தைக் குடிக்கிறார். வாரம் ஒரு முறை போடுகிற புதிய ஊசிகள் நல்ல மருந்துதான். ஆனால் விலை நம் சம்பளத்துக்கு எட்டாது, நிறுத்தினால் எடையும் திரும்பும்.

யாரைப் பார்ப்பது?

1991இல் அமெரிக்காவில் வகுத்த விதிப்படி, முன்னே சொன்ன கணக்கு 40க்கு மேல் இருக்க வேண்டும். அல்லது 35க்கு மேல் இருந்து இனிப்பு நீர் போன்ற வியாதியும் இருக்க வேண்டும். 2022இல் இரண்டு சங்கங்கள் கூடி அதைத் தளர்த்தின. ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே யோசிக்கலாம் என்றன. ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். வியாதி முற்றியவருக்கே முதலிடம் கொடுப்பார்கள், அதுவும் நியாயந்தான்.

தனியாரிடம் போனால் இருபதாயிரம், முப்பதாயிரம் வெள்ளி ஆகும். கடன் வாங்கிப் போகாதீர்கள், இ.பி.எப். பணத்தில் கையை வைக்காதீர்கள். முதலில் வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். அங்கிருந்து சிலிம் ரிவர் ஆஸ்பத்திரிக்கோ, பெரிய ஆஸ்பத்திரிக்கோ கடிதம் கொடுப்பார்கள். கோலாலம்பூர் செராஸில் உள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் இந்த ஆபரேஷன் நடக்கிறது. தஞ்சோங் மாலிம் போனால் கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூர் போகலாம். பல்கலைக்கழக மருத்துவமனைகளில் கட்டணம் வேறு மாதிரி இருக்கும். தைக்கிற கருவிக்கு நாம் பணம் கட்ட வேண்டுமா என்று நாள் குறிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். செம்பனைக் குலை வெட்டித் தூக்குகிறவர் ஒரு மாதம், ஒன்றரை மாதம் பாரம் தூக்கக் கூடாது. இலேசான வேலைக்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலைச் சட்டப்படி ஆஸ்பத்திரியில் தங்க வேண்டிவந்தால் வருடத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கங்காணி முகம் சுளிக்கிறார் என்பதற்காக அந்த உரிமையை விட்டுவிட வேண்டாம்.

சென்ற வாரம் அந்த அக்காள் போன் பண்ணினார். மகளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். சீனி, இரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்து, தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பரிசோதிக்கக் கடிதமும் கொடுத்திருக்கிறார்கள். உணவு ஆலோசகரிடம் இரண்டு தடவை போக வேண்டுமாம். தே தாரிக்கில் டின் பால் இப்போது இல்லை.

"ஆபரேஷன் வேணுமா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணலே தம்பி. புள்ளைங்களோட பேசணும். ஆனா ஒண்ணு, நான் கேட்டப்போ அந்த டாக்டரம்மா சிரிக்கலே. நாற்காலிய இழுத்துப் போட்டு, உட்காருங்கன்னாங்க. கைப்பிடி இல்லாத பெரிய நாற்காலி."